அவசரக் கொள்முதல்: டெண்டர் இல்லாமல் அரசு எப்போது வாங்கலாம்? கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

2024 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் தொடர்ச்சியாக, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் தருமபுரி மாவட்டம் அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை பதிவானது. ஆண்டு முழுவதும் சேர்ந்து பெய்யும் மழையில் பாதிக்கும் மேலானது ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டிவிட்டது. வறட்சி நிவாரணத்துக்குப் பழகிய இந்த இரண்டு மாவட்டங்களும் வெள்ள நிவாரணத்துக்குப் பழகியவை அல்ல. அந்த மழைக்குப் பிறகு என்னிடம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: சாக்கடை தூர்வாரக்கூட டெண்டர் விட வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிற அலுவலகம், ஒரே இரவில் ஜேசிபி, டீசல் பம்பு, பால், போர்வை எல்லாவற்றையும் எந்த விதியின் கீழ் வாங்கியது? பொருள் கொடுத்தவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்டார்கள். பொருள் பெற்றவர்கள் விலையைப் பற்றிக் கேட்டார்கள். கையெழுத்திட்டவர்கள் தணிக்கையைப் பற்றிக் கேட்டார்கள். ஊராட்சி ஒன்றியக் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

டெண்டர் இல்லாமல் அரசு அலுவலகம் பொருள் வாங்குவது சட்டப்படி சரியா?

சில நிலைமைகளில் சரி. தமிழ்நாட்டில் அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் கொள்முதலை ஆள்வது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் நடைமுறையை விவரிப்பவை 2000-ஆம் ஆண்டு விதிகள். அறிவிப்பு வெளியிட்டு, எல்லோருக்கும் ஒரே கால அவகாசம் கொடுத்து, வந்த ஒப்பந்தப்புள்ளிகளை (டெண்டர்களை) பலர் முன்னிலையில் திறந்து, தகுதியுள்ளவற்றில் குறைந்த விலையை ஏற்பதே பொது விதி. இந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சில கொள்முதல்களுக்கு விலக்கு அளிக்கிறது. அரசு அறிவித்த இயற்கைப் பேரிடர் மற்றும் அவசரநிலைக் காலத்தில் தேவைப்படும் கொள்முதல் அவற்றுள் முதலாவது.

உச்ச நீதிமன்றமும் இதே நிலைப்பாட்டைத்தான் எடுத்துள்ளது. மீரட் மாநகராட்சிக்கும் அல் ஃபஹீம் மீட் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 2006-இல் அளித்த தீர்ப்பில், அரசு ஒப்பந்தங்கள் பொது ஏலம் அல்லது டெண்டர் மூலமே வழங்கப்பட வேண்டும் என்றும், இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசரநிலை, ஒரே இடத்தில் மட்டுமே கிடைக்கும் பொருள் போன்ற அரிதான சூழல்களில் மட்டும் அதிலிருந்து விலகலாம் என்றும் நீதிமன்றம் கூறியது.

விலக்கு எதற்குக் கிடைக்கிறது என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டெண்டர் நடைமுறைக்குத்தான் விலக்கு. ஏன் வாங்கினோம், யாரிடம் வாங்கினோம், என்ன விலைக்கு, எத்தனை, யார் பெற்றுக்கொண்டார்கள் என்று எழுதிவைக்கும் கடமைக்கு எந்தச் சட்டத்திலும் விலக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தாலே அவசரநிலை அறிவித்ததாகி விடுமா?

ஆகாது. 16-ஆம் பிரிவு கேட்பது அரசின் அறிவிப்பு. வானிலை மையத்தின் எச்சரிக்கை, செய்தித் தாளில் வந்த தலைப்பு, மேலதிகாரி தொலைபேசியில் சொன்ன சொல் ஆகிய எதுவும் அந்த அறிவிப்பின் இடத்தை நிரப்பாது. கோப்பில் அரசாணையின் எண்ணும் நாளும் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் புயல் வருவதற்கு முந்தைய நாள் மணல் மூட்டைகூட வாங்க முடியாதா என்ற கேள்வி எழும். முடியும், அதற்கு வேறொரு சட்டம் உதவுகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 50-ஆம் பிரிவு, பேரிடர் நேர்ந்த பிறகு மட்டுமல்லாமல், நேரக்கூடும் என்ற அச்சுறுத்தல் நிலவும்போதும் பொருந்தும். மீட்புக்கோ நிவாரணத்துக்கோ பொருள்களை உடனே வாங்குவது தேவை என்று தேசிய, மாநில அல்லது மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கருதினால், உரிய துறைக்கு அவசரக் கொள்முதல் செய்ய அதிகாரம் அளிக்கலாம். அப்போது ஒப்பந்தப்புள்ளி கோரும் வழக்கமான நடைமுறை தள்ளுபடி செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். இந்தச் சட்டம் பிற சட்டங்களுக்கு மேலோங்கி நிற்கும் என்று அதன் 72-ஆம் பிரிவு கூறுவதால், இரண்டுக்கும் இடையில் முரண்பாடு என்று குழம்பத் தேவையில்லை.

நடைமுறையில் நான் கண்ட பிழை ஒன்று உண்டு. கோப்பில் "அவசரம் கருதி" என்று இரண்டே சொற்களை எழுதிவிட்டு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பதை எழுதாமல் விட்டுவிடுவார்கள். "அவசரம் கருதி" என்பது காரணம் ஆகாது. எந்தச் சட்டம், எந்த ஆணை, எந்த நாள் என்று எழுதினால்தான் அது காரணமாகும்.

மாவட்ட ஆணையம் என்பது யார்? ஆட்சியர் தனியாக முடிவெடுக்க முடியுமா?

மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். சாதாரணமாக ஆணையம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் நள்ளிரவில் ஏரிக்கரை உடையும் நிலையில் உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. அவசர நேரத்தில் ஆணையத்தின் அதிகாரங்களைத் தலைவரே செலுத்தலாம் என்றும், அவ்வாறு செய்தவற்றுக்குப் பிறகு ஆணையத்தின் பின்னேற்பு, அதாவது செய்து முடித்த பின் தரும் ஒப்புதல், பெற வேண்டும் என்றும் 26-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தப் பின்னேற்பைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுகிறார்கள். வெள்ளம் வடிந்து, எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போன பிறகு, தீர்மானத்தில் சேர்க்க வேண்டிய இனம் ஒன்று விட்டுப்போனால், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தணிக்கைத் தடையாக, அதாவது தணிக்கையாளரின் எழுத்து வடிவ ஆட்சேபமாக, அது திரும்பி வரும். அப்போது அந்த ஆட்சியரும் இருக்கமாட்டார், அந்த வட்டாட்சியரும் இருக்கமாட்டார்; பதில் எழுத வேண்டியவர் அந்த இரவைப் பார்த்தே இராத ஓர் உதவியாளராக இருப்பார்.

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. குடிநீர் இல்லை. இது அவசரம் இல்லையா?

மக்களுக்கு இது அவசரமே. அதில் ஐயம் இல்லை. இந்த இரு மாவட்டங்களில் குடிநீர் நிற்பது மற்ற ஊர்களில் நிற்பதைவிடக் கடுமையானது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் வரும் குழாய் உடைந்து ஒரு வாரம் நின்றால், மக்கள் பழையபடி ஃபுளோரைடு கலந்த கிணற்று நீருக்குத் திரும்ப நேரிடும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பல்லில் பழுப்புக் கோடு விழுந்த குழந்தைகளைப் பார்த்து வளர்ந்த ஊர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை.

இருந்தாலும், மோட்டார் எரிந்தது அரசு அறிவித்த அவசரநிலை ஆகாது. எனவே 16-ஆம் பிரிவின் பேரிடர் விலக்கைப் பயன்படுத்த முடியாது. வேறு வழிகள் உண்டு.

முதலாவது, சிறு தொகைக்கு விலைப்புள்ளி (கொட்டேஷன்) பெற்று வாங்கும் அதிகாரம். அந்த அமைப்புக்கு அன்றைய தேதியில் நடப்பில் உள்ள உச்சவரம்புக்குள் தொகை அடங்கினால், மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, ஒரே நாளில் வாங்கிவிடலாம். காலையில் புறப்பட்டு அரூரிலோ ஓசூரிலோ மூன்று கடை ஏறி இறங்கினால் மாலைக்குள் முடிகிற வேலை இது.

இரண்டாவது, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 203-ஆம் பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஒரு வேலையை உடனே செய்வது தேவை என்று ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியர் கருதினால், அதைச் செய்யும்படி ஆணையிடலாம்; செலவை ஊராட்சி நிதியிலிருந்து கொடுக்கச் செய்யலாம். இது வலுவான அதிகாரம். அதனாலேயே அரிதாகப் பயன்படுத்த வேண்டிய அதிகாரம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரை ஓரங்கட்டுவதற்கு இந்தப் பிரிவைக் கையில் எடுத்தால், அதற்காக அது எழுதப்படவில்லை என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து. கோடை தொடங்கும் முன்பே மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர், பழுதுநீக்கும் கூலி ஆகியவற்றுக்கு ஆண்டு விலை ஒப்பந்தத்தை முறையான டெண்டர் மூலம் முடித்துவைத்தால், மோட்டார் எரியும் நாளில் ஒரு விநியோக ஆணை போதும். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்தில் நீர்மட்டம் இறங்கும் என்பதும், இறங்கினால் மோட்டார் எரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராத அவசரம் என்று கோப்பில் எழுதுவது சரியல்ல. தணிக்கையாளர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: இந்தத் தேவையை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா?

டெண்டர் விட்டாக வேண்டும், ஆனால் நாள் போதாது. கால அவகாசத்தைக் குறைக்க முடியுமா?

முடியும். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிகளுக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குறைந்தது 30 நாள்களும் அவகாசம் தர வேண்டும். இதைக் குறைக்க வேண்டுமானால், ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிக்கு மேற்பட்ட அதிகாரி, காரணத்தை எழுத்தில் பதிந்து, குறிப்பாக அனுமதிக்க வேண்டும். கோருபவரே தமக்குத் தாமே அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது. டெண்டரை முழுவதும் கைவிடுவதைவிட, நாளைக் குறைத்து டெண்டர் விடுவது பல வேளைகளில் போதுமானது. இந்த வழி இருப்பது தெரியாமலேயே சில அலுவலகங்கள் நேரடிக் கொள்முதலுக்குத் தாவிவிடுகின்றன.

"இந்தப் பொருள் ஒரே நிறுவனத்திடம்தான் கிடைக்கும்" என்று சொல்லி வாங்கலாமா?

ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கும் 16-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அதை வாங்குபவர் தாமே அறிவித்துவிட முடியாது. கொள்முதல் செய்யும் அமைப்பின் தொழில்நுட்பப் பிரதிநிதி ஒருவர், அதே வகைக் கொள்முதலில் ஈடுபடும் மாநில அரசு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதி ஒருவர், பெயர்பெற்ற கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவர் என மூன்று வல்லுநர்கள் கொண்ட குழு ஆராய்ந்து, வேறு இடத்தில் கிடைக்காது என்று அறிவிக்க வேண்டும். விற்பனையாளரே தம் கடிதத்தாளில் "நாங்கள் மட்டுமே" என்று எழுதிக் கொடுப்பது இந்தக் குழுவின் அறிக்கைக்கு ஈடாகாது.

அவசரத்தில் வாங்கும்போது விலை நியாயமானதா என்று எப்படி முடிவு செய்வது?

இதுதான் கடினமான கேள்வி. டெண்டரில் விலையைப் போட்டியே கண்டுபிடித்துக் கொடுக்கிறது. போட்டி இல்லாத இடத்தில் வாங்குபவர்தான் தேட வேண்டும்.

2020 ஏப்ரலில் நடந்ததை நினைவுபடுத்துவது பொருத்தமாக இருக்கும். கொரோனா விரைவுப் பரிசோதனைக் கருவிகளை ஒன்று 600 ரூபாய் என்ற விலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தமிழ்நாடு அரசும் வாங்க முன்வந்தன. விநியோகஸ்தர்களுக்கும் இறக்குமதியாளருக்கும் இடையிலான தகராறு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோதுதான், அந்தக் கருவியின் இறக்குமதி விலை 245 ரூபாய் என்பது வெளியே வந்தது. பேரிடர் காலத்தில் பொதுநலன் தனியார் இலாபத்துக்கு மேலானது என்று கருதிய நீதிமன்றம், 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கருவிகள் தரும் முடிவுகள் நம்பத்தக்கவையாக இல்லாததால் அந்தக் கொள்முதலே பின்னர் கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய அமைப்புகளுக்கே இறக்குமதி விலை தெரியாமல் போயிற்று என்றால், ஓர் ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனை எளிதாக நேரும் என்று எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் முகக்கவசத்துக்கும் கிருமிநாசினிக்கும் மத்திய அரசே உச்சவிலை அறிவித்தது. மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய். அத்தகைய உச்சவிலை இருந்தால், அதற்கு மேல் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உச்சவிலை இல்லாத பொருளுக்கு, இதற்கு முன் அதே அலுவலகம் வாங்கிய விலை, பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியல், அரசின் ஜெம் மின்சந்தைத் தளத்தில் அன்று காட்டும் விலை ஆகிய மூன்றையும் பார்க்கலாம். கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினால், கடையின் பெயர், பேசிய நேரம், சொன்ன விலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவைத்தால் அது செல்லத்தக்க பதிவு. வெள்ள நாளில் விலை கொஞ்சம் கூடுவது இயல்பு. தணிக்கையாளரும் அதை அறிவார். ஏன் கூடியது என்ற ஒரு வரி, கூடிய தொகையைவிட முக்கியம்.

அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதால் என் ஜேசிபியை அனுப்பினேன். பணி உத்தரவு இல்லை. பணம் கிடைக்குமா?

அரசின் ஒப்பந்தங்கள் ஆளுநர் பெயரால் எழுத்து வடிவில், அதிகாரம் பெற்றவரால் செய்யப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 299-ஆம் உறுப்பு கூறுகிறது. எனவே வாய்ச்சொல் மாநில அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகாது. ஆயினும் கைவிட வேண்டியதில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் மற்றொருவருக்காக ஒரு வேலையைச் செய்து, அதன் பயனை அந்த மற்றவர் அடைந்திருந்தால், ஈடு கொடுக்க வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 70-ஆம் பிரிவு சொல்கிறது. இது அரசுக்கும் பொருந்தும் என்று மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்துள்ளது.

சட்டம் துணை நிற்கிறது. ஆனால் வேலை நடந்ததை மெய்ப்பிக்க வேண்டியவர் நீங்கள். பல ஆண்டுகளுக்கு முன், கரை உடைந்த ஏரி ஒன்றில் இரண்டு இரவு வேலை செய்த வண்டியின் உரிமையாளர் ஒருவர், நான் இருந்த கணக்குப் பிரிவுக்கு வந்தார். அவரிடம் இருந்தது பத்தொன்பது மணி நேரம் என்று எழுதிய வெள்ளைத் தாள் மட்டும். அவர் பொய் சொல்லவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்; கரையில் நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பணம் வழங்கும் பட்டியலைத் தயாரிக்க ஒரு தாள்கூட எங்களிடம் இல்லை. அவர் பதினான்கு மாதங்கள் அலைந்தார். ஓட்டுநர் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும், வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் அளவைக் குறித்து, அங்கே நின்ற கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தப் பதினான்கு மாதம் பதினான்கு நாளாகியிருக்கும்.

ஆகவே வண்டி அனுப்புபவர்களுக்குச் சொல்கிறேன்: ஹவர் மீட்டரைக் கைபேசியில் நேரத்தோடு படம் எடுங்கள். சொன்ன அதிகாரிக்கு அன்றிரவே "நீங்கள் சொன்னபடி இத்தனை மணிக்கு வண்டி வந்து சேர்ந்தது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். மறுநாள் காலை எழுத்தில் உத்தரவு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல அதிகாரி அதை வரவேற்பார், அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் கொள்முதல் நடந்திருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஆணையம் அதிகாரமளித்த கட்டுப்பாட்டு அலுவலர், பொருள்கள் பயன்படுத்தப்பட்டன என்று கொடுக்கும் சான்றிதழையே செல்லத்தக்க செலவுச்சீட்டாகக் கொள்ளலாம் என்று 50-ஆம் பிரிவு கூறுகிறது. பால் வண்டிக்காரரிடம் அச்சிட்ட பில் புத்தகம் இருக்காது. அவருக்காகவே எழுதியது போன்ற விதி இது. அந்தச் சான்றிதழில் அளவும் இடமும் நாளும் இல்லாவிட்டால் மட்டும் அது பயன்படாது.

என் லாரியைக் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அதிகாரம் உண்டா?

உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, மீட்புப் பணிக்குத் தேவையான வாகனத்தையோ கட்டடத்தையோ பிற வளங்களையோ எழுத்து வடிவிலான ஆணையின் மூலம் மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்ளலாம். இது கொள்முதல் அல்ல, கையகப்படுத்தல். 66-ஆம் பிரிவின்படி, அந்த வட்டாரத்தில் நிலவும் வாடகையை அடிப்படையாகக் கொண்டு இழப்பீடு தர வேண்டும். தொகை போதவில்லை என்று கருதினால் 30 நாள்களுக்குள் நடுவர் விசாரணை கோரலாம்.

முன்பணம் கொடுக்கலாமா?

பொதுவாகப் பொருள் வந்து, எண்ணிச் சரிபார்த்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பணம். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இல், தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத் தொகையில் 30 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கூடாது என்ற வரம்பு உள்ளது. அவசரத்தைக் காரணம் காட்டி முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்கும் விற்பனையாளரை நம்புவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அவசரம் எத்தனை நாள் நீடிக்கும்? அதன் பெயரில் எவ்வளவு வாங்கலாம்?

ஆபத்து நிலவும் வரை. ஆபத்தை நிறுத்தத் தேவைப்படும் அளவு. இதை ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்கலாம். 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையின் முதலாவது மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கிய நீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. அத்தகைய நேரத்தில், கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை செய்வதும், நீர் வெளியேறுவதை நிறுத்தத் தற்காலிகத் தடுப்பு அமைப்பதும் அவசரம். பழுதடைந்த ஒரு மதகைக் காரணம் காட்டி மீதமுள்ள ஏழு மதகுகளையும் மாற்றும் பணியை டெண்டர் இன்றி ஒருவருக்குக் கொடுக்க நினைத்தால், அது அவசரம் அல்ல. அது மதிப்பீடு தயாரித்து, நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் பெற்று, போட்டியில் விட வேண்டிய பணி. சாலை அரித்துப் போனாலும் இதே கணக்குதான். ஆம்புலன்ஸ் போகும்படி கிராவல் கொட்டி நிரவுவது இன்றைய வேலை. தார்ச்சாலை போடுவது டெண்டர் வேலை.

மேல் அதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைச் சிறு சிறு தொகைகளாகப் பிரித்து வாங்கக் கூடாது என்பதையும் பொது நிதி விதிகளின் 157-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண் கொண்ட நான்கு பில்கள் கோப்பில் இருந்தால், அவற்றை விளக்குவதற்கு எந்த அவசரமும் உதவாது.

மத்திய அரசு அலுவலகங்களுக்கும் இதே விதிகளா?

இல்லை. அஞ்சலகம், ரயில்வே போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொது நிதி விதிகளைப் பின்பற்றுகின்றன. அவற்றின் 166-ஆவது விதி, அவசர நிலையில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும் என்றால், காரணத்தைப் பதிந்து, தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதலோடு ஒருவரிடம் மட்டும் விலை கேட்கும் ஒற்றை டெண்டர் முறையில் வாங்க இடமளிக்கிறது. விலைப்புள்ளி இல்லாமல் சிறு தொகைக்கு வாங்கும்போது, பொருள் தரமானது, நம்பகமான விற்பனையாளரிடம் நியாயமான விலையில் வாங்கப்பட்டது என்று "நான் நேரில் மனநிறைவு அடைந்தேன்" எனச் சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தொகையின் வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால், வாங்கும் நாளில் உள்ள ஆணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊருக்கு என்ன வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று பொதுமக்கள் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், தயங்காமல் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "வெள்ள நிவாரணச் செலவு விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்க மொத்தக் கணக்குதான் வரும். கொள்முதலுக்கு அதிகாரமளித்த ஆணையின் நகல், விலையை முடிவு செய்த குறிப்பு, விநியோக ஆணை, பொருள் வாங்கப்பட்டதற்கான இருப்புப் பதிவேட்டுப் பக்கம், விநியோகப் பதிவேடு, பின்னேற்புத் தீர்மானம் என்று தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஆறில் எது இல்லை என்று பதில் வருகிறதோ, உங்கள் அடுத்த கேள்வி அங்கே இருக்கிறது.

கிராம சபையை மறந்துவிடக் கூடாது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், ஊராட்சியின் செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. மனு எழுதத் தெரியாத மூதாட்டியும் அங்கே எழுந்து நின்று, "எங்கள் தெருவுக்குப் போர்வை வரவில்லையே, பதிவேட்டில் எத்தனை எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். அவ்வாறு கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டைக் கொண்டுவந்து படித்தார்கள்.

நல்ல எண்ணத்தோடு வாங்கிய அலுவலர் பின்னால் தண்டிக்கப்படுவாரா?

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக அலுவலர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்று பாதுகாப்பு அளிக்கிறது. அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு, நிவாரணத்துக்கான பணத்தையோ பொருளையோ கையாடல் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது கோப்புதான். விலை கூடுதலாக இருந்தும் காரணம் அன்றே எழுதப்பட்டிருந்தால் அது முடிவெடுத்ததில் நேர்ந்த பிழையாகக் கருதப்படும். காரணம் எழுதாத குறைந்த விலைக் கொள்முதல்கூடச் சந்தேகத்துக்கு இடமாகும். தணிக்கைக்கு அஞ்சி எதையும் வாங்காமல் கைகட்டி நின்ற அலுவலரை நான் பாராட்டமாட்டேன். மக்கள் பள்ளிக்கூடத்தில் நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்கும்போது போர்வை வாங்காமல் இருப்பதற்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை.

மின்சாரம் இல்லை, கணினி இல்லை, கைபேசிக் கோபுரமும் இயங்கவில்லை. அந்த இரவில் ஓர் ஊராட்சிச் செயலர் எதை எழுத வேண்டும், எதில் எழுத வேண்டும்?

நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். பக்கங்களுக்கு முதலிலேயே எண் போட்டுவிட வேண்டும். பேனா மை நீரில் கரையும் என்பதால் பால்பாயிண்ட் பேனாவோ பென்சிலோ நல்லது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "இரவு 11.40. காலனித் தெருவில் இடுப்பளவு நீர். 23 குடும்பங்கள் நடுநிலைப் பள்ளிக்கு மாற்றப்பட்டன. வட்டாட்சியர் 11.10-க்கு நேரில் கூறியபடி டீசல் பம்பு ஒன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. மணிக்கு வாடகை இவ்வளவு, டீசல் ஊராட்சியுடையது. மற்றொரு பம்பு உரிமையாளரைக் கேட்டதில் கூடுதலாகச் சொன்னார். பம்பு ஓடத் தொடங்கியது 12.05. உடன் இருந்தவர்கள்: கிராம நிர்வாக அலுவலர், வார்டு உறுப்பினர்." கீழே மூவரின் கையெழுத்து.

இதில் பிரிவு எண் இல்லை, அலுவலக நடை இல்லை. ஆனால் யார் சொன்னது, எப்போது, ஏன், என்ன விலை, வேறு யாரைக் கேட்டோம், யார் பார்த்தார்கள் என்ற அனைத்தும் இருக்கின்றன. விடிந்த பிறகு இந்தப் பக்கத்தைப் படியெடுத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பி எழுத்தில் உத்தரவு பெற வேண்டும். மூலப்பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, திருத்தி எழுதவும் கூடாது. தவறாக எழுதியிருந்தால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, பீரோவின் மேல் தட்டில் வைக்க வேண்டும். கீழ்த் தட்டில் வைத்திருந்த பதிவேடுகள் நீரில் ஊறிப்போனதை ஒருமுறை வெயிலில் காயவைத்துப் பிரித்திருக்கிறேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன, எண்கள் வரவில்லை.